ஹெட்லைட் போட்டால் ஹீட் மீட்டர் சிவப்புக்கு ஓடுகிறது, எங்கிருந்து தேடுவது?

ஆத்தூர் கிழங்கு லாரி

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது 2004 மாடல் ஆறு சக்கர லாரி. கவுல் சேஸிஸ் (கேபின் இல்லாமல், முன் தகரத்தோடு மட்டும் வரும் சேஸிஸ்) வாங்கி கேபினும் பாடியும் இங்கேயே கட்டியது. ஆறு சிலிண்டர் டர்போ டீசல், 24 வோல்ட். சேகோ ஆலையிலிருந்து திப்பி (மரவள்ளிச் சக்கை) மூட்டை ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாய் ஏறி தர்மபுரிப் பக்கம் போகும், வரும்போது மரவள்ளிக் கிழங்கு.

எஃப்.சி.க்காக (வண்டியின் தகுதிச் சான்றிதழுக்காக) பெயிண்ட் அடித்து, காட்டி முடித்து, மறுபடி லோடுக்கு விட்டோம். அதிலிருந்து ஹீட் மீட்டர் புரியாத மாதிரி நடந்துகொள்கிறது. பகலில் முள் 60, 65-க்கு மேல் ஏறுவதில்லை. ராத்திரி ஹெட்லைட் போட்டதும் சரசரவென்று ஏறி 100-ஐத் தாண்டிச் சிவப்பில் நிற்கிறது. லைட்டை அணைத்தால் மெல்ல இறங்குகிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை, கொதிக்கவும் இல்லை.

பட்டறையில் இன்ஜின் சூட்டை அளக்கும் சென்சாரைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியும் அதே கதைதான். இப்போது மீட்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். டீசல் மீட்டர் முள்ளும் கொஞ்சம் ஆடுகிறது, ஆனால் அது குழியில் இறங்கினால் எப்போதுமே ஆடும். மைலேஜ் குறைந்த மாதிரியும் தெரிகிறது. மீட்டர் வாங்குவதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

தொப்பூர் ஏற்றம்

தம்பி, மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டினால் தூக்கம் போய்விடும். ஏற்றத்தில் இன்ஜின் சூடேறினால் இழுவை குறையும், வாசனை வரும், கேபினுக்குள் அனல் அடிக்கும். டிரைவருக்கு அதுவே போதும். முள் 100-ஐத் தாண்டியும் தண்ணீர் கொதிக்கவில்லை என்றால் மீட்டர் பொய் சொல்கிறது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள்.

மீட்டர் பாக்ஸ்

மீட்டர் வாங்க வேண்டாம். கொஞ்சம் பொறுங்கள்.

கோவையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன், பெரும்பாலும் டாஷ்போர்டு மீட்டர்தான். எங்களிடம் "மீட்டர் போச்சு" என்று கழற்றிக் கொண்டுவரும் மீட்டர்களைப் பெஞ்சில் வைத்து லைன் கொடுத்துப் பார்த்தால் பல நன்றாகவே வேலை செய்கின்றன. கோளாறு வண்டியிலேயே இருக்கிறது, மீட்டர் மட்டும் கடைக்கு வந்திருக்கிறது.

நீங்கள் எழுதியதில் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறது. பெயிண்ட் அடித்த பிறகு ஆரம்பித்தது. ஹெட்லைட் போட்ட அடுத்த நிமிடமே தண்ணீர் சூடாகிவிடாது. ஆக ராத்திரி ஏறும் ஏற்றம் கரண்ட் கோளாறு, இதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பகலில் 60-ல் நிற்பது பொய் என்று சொல்ல இப்போதைக்கு எந்த ஆதாரமும் இல்லை. அது நிஜமாகவே இருக்கலாம். இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதனால் முதல் வேலை, இன்ஜினின் உண்மையான சூட்டை மீட்டர் இல்லாமல் தெரிந்துகொள்வது. இன்ஃப்ராரெட் வெப்பமானி, கடைகளில் டெம்பரேச்சர் கன் என்று கேட்டால் கொடுப்பார்கள், யாரிடமாவது இரவல் வாங்குங்கள். தெர்மோஸ்டாட் ஹவுசிங் (இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும் கூடு) பக்கத்தில், சென்சார் ஏறியிருக்கும் இடத்துக்கு ஓரமாக, கிட்டத்தில் வைத்துப் பிடியுங்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் பிடித்தால் குறைத்துக் காட்டும், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கருப்பு பெயிண்ட் தடவிக் காயவிட்டுப் பிடிக்க வேண்டும். வெளியே காட்டுவது உள்ளே ஓடும் தண்ணீரைவிட நாலைந்து டிகிரி குறைவாகத்தான் இருக்கும். லோடோடு ஓடி வந்து நின்ற உடனே ஒரு முறை, ஹெட்லைட் போட்டு முள் சிவப்பில் நிற்கும்போது ஒரு முறை எடுத்து இங்கே எழுதுங்கள்.

தொப்பூர் அண்ணனுக்கு ஒன்று. தண்ணீர் 100-ல் கொதிப்பது திறந்த பாத்திரத்தில். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி சரியாக இருந்தால் ஏறத்தாழ 111 டிகிரி வரை கொதிக்காது. கூலண்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும். "கொதிக்கவில்லை, அதனால் 100-ஐத் தாண்டவில்லை" என்று முடிவு கட்ட முடியாது.

டீசல் பட்டறை

சங்ககிரி. மெக்கானிக். ஒரே ஒரு கேள்வி. அந்த வண்டியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா?

ஆத்தூர் கிழங்கு லாரி

தெரியவில்லை அண்ணா. வண்டியை இரண்டாவது கையாக அப்பா வாங்கினார். டிரைவரிடம் கேட்டதற்கு "அந்தக் காலத்திலேயே எடுத்தாச்சு" என்கிறார். கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தொப்பூர் ஏற்றம்

நம் ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதற்கு? குளிர் தேசத்துக்கு வேண்டுமானால் சரி. நான் ஓட்டிய வண்டிகளில் பாதிக்கு மேல் வால்வு கிடையாது. எதுவும் ஆகவில்லை.

டீசல் பட்டறை

அண்ணே, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் ஒத்துப்போக முடியவில்லை. இந்தப் பழக்கம் எத்தனை இன்ஜினை அரித்திருக்கிறது என்று போர் (சிலிண்டர் துளை) அளவு எடுக்கும்போது பார்க்கிறேன்.

வால்வின் வேலை இன்ஜினைச் சூட்டில் நிறுத்துவது. இந்த மாதிரி இன்ஜின்களில் வால்வின் மேல் பொதுவாக 82 அல்லது அதை ஒட்டிய எண் குத்தியிருக்கும். அந்தச் சூட்டில்தான் அது திறக்கத் தொடங்கும். அதுவரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். வால்வை எடுத்துவிட்டால் சமவெளியில் காற்று அடிக்க அடிக்க இன்ஜின் 55, 60-லேயே கிடக்கும். டீசல் சரியாக எரியாது, எரியாத டீசல் லைனர் (சிலிண்டரின் உள் உறை) சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும், லைனரும் ரிங்கும் தேயும், ஆயில் கெடும், மைலேஜ் விழும். தம்பி மைலேஜ் குறைந்ததாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நிறைய இன்ஜின்களில் இந்த வால்வுக்குக் கீழே இன்னொரு தட்டு இருக்கும். மேலே ரேடியேட்டர் வழி திறக்கும்போது தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே திரும்பும் கீழ் பைபாஸ் வழியை அந்தத் தட்டு அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தொப்பூர் ஏற்றத்தில் லோடோடு இழுக்கும்போது, குளிர வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே திரும்பி இன்ஜினுக்குள் போய்விடும். அதாவது சமவெளியில் ஆறிக் கிடக்கும் அதே வண்டி ஏற்றத்தில் கொதிக்கும். சூடாகிறது என்று எடுத்த வால்வே சூடாவதற்குக் காரணமாகிவிடுகிறது.

வால்வு கெட்டதா என்று பார்ப்பது சுலபம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, அடியில் படாமல், வெப்பமானி போட்டுக் காய்ச்சுங்கள். குத்தியிருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பித்து, அதற்கு மேல் 10, 15 டிகிரிக்குள் முழுதும் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதிது போடுங்கள். எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

வயரிங் மாணவன்

ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் படிக்கிறேன். ஒரு சந்தேகம். ஹெட்லைட் வேறு சர்க்யூட், ஹீட் மீட்டர் வேறு சர்க்யூட். ஒன்றைப் போட்டால் இன்னொன்றின் முள் எப்படி ஏறும்?

மீட்டர் பாக்ஸ்

நல்ல கேள்வி தம்பி. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் சாதாரண நிலை. மீட்டருக்குச் சாவி போட்டதும் ஒரு பக்கம் லைன் வரும். இன்னொரு பக்கத்திலிருந்து ஒற்றை ஒயர் கிளம்பி இன்ஜினில் இருக்கும் சென்சாருக்குப் போகும். சென்சாரின் உடம்பு இன்ஜினில் திருகியிருப்பதால் அதுவே எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. உள்ளே இருப்பது தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். ஓம் குறைந்தால் அந்த ஒயரில் கரண்ட் கூடும், முள் ஏறும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒற்றை ஒயரில் எந்தக் காரணத்தால் கரண்ட் கூடினாலும் முள் அதைச் சூடு என்றுதான் காட்டும்.

இப்போது மீட்டர் போர்டின் எர்த். டாஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டர்களின் எர்த், மீட்டர் லைட்டின் எர்த், பல வண்டிகளில் முன் லைட்டுகளின் எர்த் எல்லாம் கவுல் தகரத்தில் ஒரு போல்ட்டில் வந்து சேரும். அந்த போல்ட்டின் அடியில் பெயிண்ட் அல்லது துரு இருந்தால், வடிகால் அடைத்த களத்தில் தண்ணீர் தேங்குகிற மாதிரி அங்கே வோல்ட் ஏறி நிற்கும். லைட் போட்டதும் அவ்வளவு கரண்ட்டும் பேட்டரிக்குத் திரும்ப வழி தேடும். மீட்டர் காயில் வழியாக அந்த ஒற்றை ஒயரில் இறங்கி, சென்சார் வழியாக இன்ஜினுக்கு ஒரு வழி இருக்கிறதே, அதில் ஒரு பங்கு போகும். முள் ஏறும். டீசல் மீட்டருக்கும் அதே மாதிரி டேங்க் மிதவை வழியாக ஒரு வழி இருப்பதால் அதுவும் ஏறும். ஹீட் மீட்டரும் டீசல் மீட்டரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் கோளாறு. இரண்டு மீட்டரும் ஒரே நாளில் கெடுவது நடக்காத காரியம்.

பழைய போர்டுகள் சிலவற்றில் பின்னால் சின்னதாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும், உள்ளே சூடாகி வளைந்து விட்டு விட்டு இணைக்கும் இரட்டை உலோகத் தகடு. அதன் வேலைக்கே எர்த் வேண்டும். எர்த் போனால் அது விட்டு விட்டு இணைப்பதை நிறுத்தி முழு வோல்டையும் கொடுத்துவிடும், அப்போதும் எல்லா முள்ளும் மேலே. ஆக எப்படிப் பார்த்தாலும் தேட வேண்டிய முதல் இடம் எர்த்.

எஃப்.சி. பெயிண்ட் என்று நீங்கள் எழுதியதும் எனக்கு மணி அடித்தது அதனால்தான். பெயிண்டர் ஒயரைக் கழற்றித் தகரத்துக்கு அடித்துவிட்டு, காய்ந்ததும் பெயிண்ட் மேலேயே லக்கை (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை) வைத்து முறுக்கியிருப்பார். பார்க்க இறுக்கமாகத்தான் இருக்கும்.

கோண்டாவில் லொறி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணி சரியான கடினம். கேத்திலில் படிகிற அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றருக்குள்ளும் படியும், சென்சார் முனையிலும் படியும். முனையில் ஓடு கட்டினால் மீற்றர் பிந்தித்தான் ஏறும். லொறி ஏற்கெனவே சூடாகி முடிந்த பிறகுதான் முள் மெல்ல எழும்பும். அந்தச் சென்சாரைக் கழற்றிச் சிட்ரிக் அமிலக் கரைசலில் முனையை மட்டும் ஊறவைத்துக் கழுவினால் படிவு போகும், பிறகு முன்போலவே வேலை செய்யும். புதுசு வாங்க முதல் இதைச் செய்து பார்க்கலாம்.

ரேடியேற்றருக்கு வடித்த தண்ணியும் கூலண்ற்றும் விடுவது செலவுதான். ஆனால் எஞ்சின் ஹெட் இறக்கும் செலவோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. சேலம், நாமக்கல் பக்கமும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணி உப்பு என்று கேள்வி, உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

டீசல் பட்டறை

நூற்றுக்கு நூறு பொருந்தும். இங்கே ரேடியேட்டர் குழாயை வெட்டிப் பார்த்தால் உள்ளே பல் விளக்கும் குச்சி நுழையாது.

பழைய கவுல்

நான் இந்தத் தொழிலை விட்டு வெகு காலம் ஆகிறது. எங்கள் காலத்து வண்டிகளில் ஒயரே இல்லாத ஹீட் மீட்டர்தான். இன்ஜினில் ஒரு குமிழ், அதிலிருந்து மெல்லிய செம்புக் குழாய் டாஷ்போர்டு வரை வரும், உள்ளே ஈதர். சூடேறினால் ஈதர் ஆவியாகி அழுத்தம் கூடும், மீட்டருக்குள் இருக்கும் வளைந்த குழாய் விரியும், முள் நகரும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் காட்டும். ஹெட்லைட், எர்த் எதுவும் அதைத் தொடாது.

அதன் பலவீனம் அந்தக் குழாய்தான். எங்கேயாவது நசுங்கினாலோ உரசி ஓட்டை விழுந்தாலோ ஈதர் போய்விடும், முள் கீழே படுத்துவிடும். வெட்டி ஒட்ட முடியாது, நீளம் கூட்ட முடியாது, முழு செட்டாகத்தான் மாற்ற வேண்டும். மிச்சக் குழாயைக் கூர்மையாக மடக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி, அதிர்வு படாத இடத்தில் கட்ட வேண்டும். இன்றைக்கும் அந்த மாதிரி மீட்டர் தனியாக விற்கிறார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டாஷ்போர்டுக்குக் கீழே அதையும் ஒன்று மாட்டிக்கொண்டால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

தொப்பூர்க்காரர் வாசனையே போதும் என்கிறார். ஒன்று சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். என் கூட ஓடிய ஒரு வண்டியில் கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுதும் போய்விட்டது. முள் சிவப்புக்குப் போகவில்லை, கீழே இறங்கியது. சென்சார் முனை தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைக் காட்டும். தண்ணீர் போனதும் அது வெறும் காற்றில் நிற்கிறது. டிரைவர் நல்லதாயிற்று என்று மிதித்தார். வாசனை வந்தபோது பிஸ்டன் பிடித்துவிட்டது. ஏற்றத்தில் இழுக்கும்போது முள் தானாகச் சட்டென்று இறங்கினால், ஏறியதைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்துவிடாதீர்கள், வெந்துபோன கைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தொப்பூர் ஏற்றம்

ஐயா, கோபமெல்லாம் இல்லை. முள் இறங்கும் விஷயம் எனக்குப் புதிது. எங்கள் பசங்களுக்கும் சொல்கிறேன்.

ஆத்தூர் கிழங்கு லாரி

அளந்துவிட்டேன். சமவெளியில் லோடோடு ஓடி வந்து நின்றதும் ஹவுசிங்கில் கன் 52 காட்டியது, மீட்டர் முள் 62 பக்கம். ராத்திரி ஹெட்லைட் போட்டு முள் சிவப்பில் நின்றபோதும் கன்னில் அதே 52, 53தான். டீசல் மீட்டரையும் கவனித்தேன். மீட்டர் பாக்ஸ் அண்ணன் சொன்னபடியே அதுவும் லைட்டோடு சேர்ந்து ஏறுகிறது. ஏற்கெனவே ஆடுவதால் இதுவரை கண்ணில் படவில்லை.

வால்வு ஹவுசிங்கைத் திறந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை.

மீட்டர் பாக்ஸ்

அருமை. அப்படியென்றால் பகலில் மீட்டர் சொன்னது ஏறக்குறைய உண்மை, இன்ஜின் நிஜமாகவே ஆறிக் கிடக்கிறது. ராத்திரி காட்டுவது பொய்.

இனி எர்த். சாதாரண மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்டில் வைத்து, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில் வையுங்கள், கிளாம்ப்பில் வேண்டாம், ஈயப் போஸ்ட்டிலேயே வையுங்கள். மறு முனையை முதலில் சேஸிஸில், அப்புறம் இன்ஜின் பிளாக்கில், அப்புறம் கவுல் தகரத்தில் சுரண்டிய இடத்தில், கடைசியாக மீட்டர் எர்த் ஒயரின் லக்கில். எங்கேயும் 0.2 வோல்டைத் தாண்டக் கூடாது. எந்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நடுவில் எண் குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. ஓம் அளவில் வைத்துப் பார்க்காதீர்கள். நூறு இழையில் ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் நல்ல எர்த் என்றே காட்டும். கரண்ட் ஓடும்போது வோல்ட் பார்ப்பதுதான் உண்மையைச் சொல்லும்.

இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஓடும் எர்த் பட்டையையும் விட்டுவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பட்டை அறுந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். கேபிள் சூடாகிப் புகைந்த வண்டிகள் உண்டு.

ஆத்தூர் கிழங்கு லாரி

சேஸிஸ் 0.03. இன்ஜின் 0.06. கவுல் தகரம் 0.1. மீட்டர் எர்த் லக் 2.7 வோல்ட்!

மீட்டர் பாக்ஸ்

கிடைத்துவிட்டது. கழற்றுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நீளமான ஒயர் ஒன்றை எடுத்து பேட்டரி நெகட்டிவில் ஒரு முனை, அந்த லக்கில் மறு முனை. லைட்டைப் போட்டு முள்ளைப் பாருங்கள். அசையவில்லை என்றால் இனி ஊகத்துக்கு இடமில்லை.

ஆத்தூர் கிழங்கு லாரி

ஒயரைத் தொட்டதும் சிவப்பில் நின்ற முள் அப்படியே இறங்கியது அண்ணா! எடுத்தால் ஏறுகிறது, வைத்தால் இறங்குகிறது. டிரைவர் நம்பாமல் அவரே வைத்து வைத்து எடுத்துப் பார்த்தார்.

போல்ட்டைக் கழற்றினோம். லக்குக்கு அடியில் பச்சை பெயிண்ட் தடிமனாக. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, புது லக் பிடித்து, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டோம். இப்போது லைட்டோடு 0.05.

82 டிகிரி வால்வும் புது பேக்கிங்கும் போட்டாகிவிட்டது. காற்று போக மேல் பிளக்கைத் தளர்த்தித் தண்ணீர் ஊற்றினோம். ஆனால் இப்போது வேறொன்று. முள் லைட்டுக்கு அசையவில்லை, ஆனால் 95-க்கு மேலே நிற்கிறது. கன்னில் 77. இது சரியா?

வயரிங் மாணவன்

சென்சாருக்கு எர்த் சரியில்லையோ? டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால்?

மீட்டர் பாக்ஸ்

தம்பி, டேப் சுற்றக் கூடாது என்பது சரி, மரை வழியாகத்தான் எர்த் போகிறது. ஆனால் டேப் எர்த்தைக் கெடுத்தால் ஓம் கூடும், முள் இறங்கும். இங்கே முள் ஏறியிருக்கிறது. அதனால் அது இல்லை.

கன்னில் 77 என்றால் உள்ளே 82 இருக்கும், வால்வு சரியாக வேலை செய்கிறது. மீட்டர் 13 டிகிரி கூட்டிக் காட்டுகிறது. இப்போதுதான் புதுச் சென்சாரைச் சந்தேகப்பட வேண்டும். சென்சாரும் மீட்டரும் ஜோடி. மரை ஒத்துப்போனால் போதும் என்று கடையில் கொடுத்துவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் தெர்மிஸ்டரின் ஓம் கணக்கு வேறாக இருக்கும். உதாரணத்துக்கு வி.டி.ஓ. என்ற மீட்டர் கம்பெனி வகையில் பரவலாக இருக்கும் ஒரு கணக்கில் 60 டிகிரியில் 134 ஓம், 90-ல் 51, 100-ல் 38. இன்னொரு கணக்குச் சென்சாரை அந்த மீட்டரில் மாட்டினால் மீட்டர் நேர்மையாகத் தவறான எண்ணைக் காட்டும்.

பழைய சென்சார் கைவசம் இருக்கிறதா? இருந்தால் இரண்டையும் வெந்நீரில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனை மேல் ஊசியில், ஒரு முனை பித்தளை உடம்பில் வைத்து, 60-லும் 80-லும் ஓம் பாருங்கள். தண்ணீருக்குள் உடம்பின் அடிப்பாகம் மட்டும் இருக்கட்டும், ஊசி நனையக் கூடாது.

மீட்டர் சரியா என்று தனியாகச் சோதிக்க, சென்சார் ஒயரைக் கழற்றி அதற்குப் பதிலாக 50 ஓம், 2 வாட் ரெசிஸ்டரை ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் அந்தக் கணக்கில் முள் 90 பக்கம் நிற்க வேண்டும். சிலர் ஒயரை நேராக எர்த்தில் தொட்டுப் பார்ப்பார்கள், முள் முழுதும் ஏறினால் ஒயர் நல்லது என்று. ஒரு நொடி தொட்டால் பரவாயில்லை, பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் கருகும். கழற்றினால் முள் கீழே விழ வேண்டும். கழற்றிய பிறகும் மேலேயே நின்றால் வழியில் எங்கேயோ ஒயர் பாடியில் உரசுகிறது.

ஆத்தூர் கிழங்கு லாரி

பழையது டூல் பாக்ஸில் கிடந்தது. வெள்ளையாக ஓடு கட்டியிருந்ததை யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னபடி ஊறவைத்துக் கழுவினேன். 60-ல் பழையது 132 ஓம், புதியது 110. 80-ல் பழையது 70, புதியது 45. 50 ஓம் ரெசிஸ்டர் வைத்ததில் முள் 90-ல் வந்து நின்றது.

மீட்டர் பாக்ஸ்

மீட்டர் பத்தரை மாற்று. பழைய சென்சாரையே மாட்டுங்கள். அதன் 80-க்கான 70 ஓம் அந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. புதியதன் 45 ஓமை இந்த மீட்டர் 94, 95 என்றுதான் படிக்கும், அதைத்தான் காட்டியது. டேப் வேண்டாம், புதுச் செம்பு வாஷர் போட்டால் போதும்.

கோண்டாவில் லொறி

கழுவின சென்சார் உயிர் பிழைத்தது மிகவும் சந்தோசம்.

ஆத்தூர் கிழங்கு லாரி

பழைய சென்சார் மாட்டி, திப்பி லோடோடு தொப்பூர் ஏறி இறங்கியாகிவிட்டது. சமவெளியில் முள் 82. கணவாய் உச்சியில் 91, தாண்டியதும் மறுபடி 82. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எதற்கும் அசைவில்லை. கன்னோடு ஒப்பிட்டால் எல்லா இடத்திலும் நாலைந்து டிகிரி வித்தியாசம்தான். மைலேஜை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பட்டறையிலும் நடந்ததைச் சொன்னேன், எர்த் போல்ட்டைக் காட்டியதும் அவரே ஆச்சரியப்பட்டார். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தொப்பூர் ஏற்றம்

சந்தோஷம் தம்பி. நான் இப்போது ஓட்டும் வண்டியில் முள் எப்போதும் அடியிலேயே படுத்திருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். சென்சாரில் இரண்டு ஊசி இருக்கிறது, ஒன்றில் ஜி என்றும் இன்னொன்றில் டபிள்யூ கே என்றும் பொறித்திருக்கிறது. ஒரு ஒயர்தான் வருகிறது, அது டபிள்யூ கே-யில் மாட்டியிருக்கிறது. எது எது?

மீட்டர் பாக்ஸ்

அண்ணா, ஜி மீட்டருக்கு. டபிள்யூ கே எச்சரிக்கை விளக்குக்கு, அது உள்ளே வெறும் சுவிட்ச். குறித்த சூடு வரும்வரை திறந்தே இருக்கும், வந்ததும் நேராக எர்த் ஆகும். மீட்டர் ஒயர் அதில் இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கும்வரை முள் படுத்திருக்கும், கெடப்போகும்போது மட்டும் ஒரே துள்ளலில் சிவப்புக்குப் போகும். ஒயரை ஜி-க்கு மாற்றுங்கள். எச்சரிக்கை விளக்கின் ஒயர் எங்கேயாவது டேப் சுற்றித் தொங்குகிறதா என்றும் தேடுங்கள், கிடைத்தால் அதை டபிள்யூ கே-யில் மாட்டிவிடலாம்.

தொப்பூர் ஏற்றம்

மாற்றியாச்சு. முள் எழுந்துவிட்டது, 80 காட்டுகிறது. விளக்கு ஒயர் ஏர் கிளீனருக்குப் பின்னால் கட்டி வைத்திருந்தது, அதையும் மாட்டிவிட்டேன். வண்டியில் வால்வு இருக்கிறதா என்று ஓனரிடம் நாளைக்குக் கேட்கிறேன்.